மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தல்: காவிரிப் படுகை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து தை அறுவடை முடியும்வரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மூக்கடைப்பு எட்டிப்பார்க்காத வீடு அரிது. நொச்சித் தழையும் கொதிநீர்ப் பாத்திரமும் இருந்த இடத்தில் இப்போது பல வீடுகளில் மின்சார ஆவிக் கருவியும் சேர்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒரு வாரத்தில் போகிற சளிக்காக வைத்த வெந்நீர், குழந்தையின் உடம்பில் ஆயுளுக்கும் தழும்பை விட்டுவிடக் கூடாது என்ற கவலையே இதை எழுதத் தூண்டியது.

ஆவி பிடித்தால் சளி குணமாகிவிடுமா?

குணமாகாது, சிறிது நேரம் இதமாக இருக்கும். நீர்க்கோவை என்று நாம் சொல்லும் சாதாரணச் சளி வைரஸ்களால் வருவது. பெரும்பாலோருக்கு அது 7 முதல் 10 நாட்களில் தானாகவே அடங்கிவிடும். இருமல் மட்டும் சிலருக்கு 2, 3 வாரங்கள் நீடிக்கும். மூக்கு அடைத்துக்கொள்வதற்குச் சளி திரள்வதைக் காட்டிலும், மூக்கின் உட்சவ்வில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதே பெரிய காரணம். ஆவியின் ஈரமும் வெதுவெதுப்பும் காய்ந்து ஒட்டிய சளியை இளக்கி, சிந்தினால் வெளியே வரும்படி செய்யும். தொண்டை வறட்சியையும் தணிக்கும். ஆனால் வீக்கத்துக்கு மூலமான தொற்றை அது தொடுவதில்லை. சூடான ஈரக் காற்றைச் சுவாசித்தால் சளி விரைவில் தீருமா என்று நடந்த ஆய்வுகளைக் மருத்துவ ஆய்வுச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்து ஆராய்ந்தபோது, பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்வதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆவியின் வெப்பம் கிருமியைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை கொரோனா இரண்டாம் அலையின்போது நம் ஊர்களில் வேகமாகப் பரவியது. வைரஸ் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. அதை அழிக்கும் அளவு வெப்பத்தை மூக்கின் சவ்வு தாங்காது. பொது இடங்களில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்யப்பட்டபோது, அதைத் தவிர்க்க வேண்டும் என்று தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் 2021 மே மாதத்தில் கேட்டுக்கொண்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆகவே இதத்துக்காக ஆவி பிடிப்பதில் தவறில்லை. மருந்துக்குப் பதிலாக அதை நம்பியிருப்பதுதான் தவறு.

வெந்நீரில் தைலம் விட்டதும் மூக்கு உடனே திறந்துகொள்கிறதே, அது எப்படி?

தைலத்திலும் களிம்பிலும் உள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால் காற்று தாராளமாகப் போவதுபோலத் தோன்றுகிறது. மூக்கின் வழியே செல்லும் காற்றை அளந்து பார்த்தால் பெரிய மாற்றம் இருப்பதில்லை. பெரியவர்களுக்கு அந்த உணர்வே தூக்கம் வரப் போதுமானதாக இருக்கலாம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பாத்திரம் வெந்நீருக்கு ஓரிரு துளி போதும். அதற்கு மேல் விட்டால் கண் எரியும், தொண்டை கமறும், சிலருக்குத் தலைவலியும் வரும்.

சூடம், பச்சைக் கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்பூரத்தைச் சிறு குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலே வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீலகிரித் தைலத்தை விழுங்கினாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். பூஜை மாடத்தில் சூட டப்பாவும், கட்டில் ஓரத்தில் தைலப் புட்டியும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது நம் வீடுகளில் சகஜம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவை இரண்டும் பூட்டிய அலமாரிக்குள் போக வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் நீலகிரித் தைல ஆவியை முகர்வதையும் தவிர்ப்பது நல்லது.

நொச்சி, துளசி, கற்பூரவல்லி போட்டு ஆவி பிடிக்கலாமா?

பெரியவர்கள் பிடிக்கலாம். சித்த மருத்துவத்தில் வேது பிடித்தல் என்ற பெயரில் நெடுங்காலமாக உள்ள முறைதான் இது. வாய்க்கால் கரையிலும் வேலியோரத்திலும் வளரும் நொச்சியைப் பறிக்கும்போது, பக்கத்து வயலில் அண்மையில் பூச்சிமருந்து தெளித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு பறிக்க வேண்டும். தழையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பாத்திரத்தில் போட வேண்டும். ஆவி அடங்காமல் இருப்பதற்காகச் செங்கல் துண்டைப் பழுக்கக் காய்ச்சிப் போர்வைக்குள் இருக்கும் வெந்நீரில் போடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நீர் சீறித் தெறித்து முகத்திலும் மார்பிலும் படும் என்பதால் அதை அடியோடு விட்டுவிட வேண்டும். பிரஷர் குக்கரின் வெயிட் இருக்கும் இடத்தில் குழாய் செருகி ஆவி பிடிப்பதும் அதே அளவு ஆபத்தானது.

பாத்திரம் நல்லதா, மின்சாரக் கருவி நல்லதா?

இரண்டிலும் காயம் உண்டாக்குவது பெரும்பாலும் ஆவியல்ல, கவிழ்ந்து கொட்டும் வெந்நீர்தான். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் சில நொடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கும். 70 டிகிரியில் ஒரு நொடியே போதும். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தண்ணீர் 100 டிகிரியை ஒட்டி இருக்கும். குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் இந்த நேரம் இன்னும் குறையும்.

பாத்திரத்தில் பிடிப்பதானால், அடி அகலமான, எளிதில் சாயாத குண்டானில் பாதிக்குக் கீழே தண்ணீர் எடுத்து, அடுப்பை அணைத்த பிறகு சில நிமிடங்கள் ஆறவிட்டு, அதைச் சுவரோரமாக உறுதியான மேசையில் வைத்து, நாற்காலியில் அமர்ந்து பிடிப்பதே நல்லது. மடியிலோ கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ பாத்திரத்தை வைக்கக் கூடாது. முகத்துக்கும் நீருக்கும் 30 சென்டிமீட்டர் அளவு இடைவெளி இருக்கட்டும்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கனமான போர்வையால் உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டால் பாத்திரம் சாயும்போது விலகி எழ வழி இருக்காது. தலையில் ஒரு துண்டு போதும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை என்ற அளவைத் தாண்ட வேண்டியதில்லை.

கருவியில் தண்ணீர் குறைவு என்பதால் கொட்டினாலும் காயத்தின் பரப்பு குறையலாம். ஆனால் மின்சாரம் என்ற இன்னொரு ஆபத்து அதில் சேர்கிறது.

கடையில் வாங்கிய சிறிய பிளாஸ்டிக் கருவியில் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்கான விடையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கருவியை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குறைந்த விலைக் கருவிகள் பலவற்றில் சூடேற்றும் கம்பிச்சுருள் கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் மட்டும் தண்ணீருக்குள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் தண்ணீரின் வழியாகவே பாய்ந்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். சுத்தமான நீரில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதால்தான் உப்பு கேட்கிறார்கள். அப்படியானால் பிளக் செருகியிருக்கும் நேரம் முழுவதும் அந்தத் தண்ணீரே மின்சாரம் ஏறிய தண்ணீர் என்று பொருள். கொதிக்கிறதா என்று மூடியைத் திறந்து விரலை வைத்துப் பார்ப்பவரும், ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊற்றுபவரும், மழைக்காலத்து ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவராக இருந்தால், உயிரையே பணயம் வைக்கிறார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் வயரிங் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்த நிலையிலும் தகட்டில் மின்சாரம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைத் தொட வேண்டும்.

உப்பின் அளவு இன்னொரு சிக்கல். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்குழாய் நீரிலேயே உப்பு மிகுதி. அந்த நீரில் மேலும் உப்பைப் போட்டால் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்து, தண்ணீர் பொங்கித் துப்பும், ஃபியூஸ் போகும், வயர் சூடேறி உருகவும் கூடும். மாறாக, கேன் தண்ணீரில் உப்பு குறைவாக இருப்பதால் கருவி சூடாகவே நேரமெடுக்கும். அதைப் பார்த்துப் பொறுமையிழந்து ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போடுபவர்களும் உண்டு. கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துகளும் வேண்டாம். புதிதாக வாங்குவதாக இருந்தால், தண்ணீர் தீர்ந்ததும் தானாக அணையும் வசதியும், கம்பிச்சுருள் தண்ணீரில் படாத அமைப்பும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதாகப் பார்த்துச் சற்று விலை கூடினாலும் வாங்குங்கள். வீட்டின் மின்பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்தியிருந்தால், மின்சாரம் ஓர் ஆளின் உடம்பு வழியாகக் கசியும்போது அது உடனே துண்டித்துவிடும். பெரிய கருவிக்குச் செலவிடுவதற்கு முன் இதற்குச் செலவிடலாம்.

அறையில் வைத்து இரவு முழுவதும் ஓடவிடலாமா?

வேண்டாம். அறைக்காற்றை ஈரமாக்கும் கருவிகள், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றிக் காற்றை உலர வைக்கும் நாடுகளுக்காக ஏற்பட்டவை. அங்கே வீட்டுக்குள் ஈரப்பதம் மிகவும் இறங்கிவிடும். அதை 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. நம் படுகையிலோ கார்த்திகை மழையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. காற்றில் இயல்பாகவே ஈரம் நிறைந்திருக்கிறது. அந்த அறையில் மேலும் ஆவியை நிரப்பினால் சுவரில் பூஞ்சணம் படரும், மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும். இவை இரண்டுமே ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்பையும் ஆஸ்துமாவையும் தூண்டுபவை. ஏ.சி. அறையில் படுத்து மூக்கு காய்ந்து எழுபவர்களுக்கு ஏ.சி.யின் குளிரைக் குறைப்பதே முதல் வழி.

இதைவிட எளிய காரணமும் உண்டு: உறங்குகிறவர் கருவியைக் கவனிக்க முடியாது. நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பும்போது, தண்ணீர் வற்றிய நிலையில் கருவி மீண்டும் ஓடத் தொடங்கலாம்; இருட்டில் எழுந்து செல்பவரின் கால் வயரில் மாட்டலாம்.

குளிர்ந்த புகைபோல வரும் கருவி சூடில்லாததால் பாதுகாப்பானதா?

வெந்நீர்க் காயம் அதில் வராது. அது பெரிய நன்மைதான். ஆனால் அது தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் அதிர்வால் நுண்துளிகளாக உடைக்கிறது. தொட்டியில் உள்ள கிருமியும் சுண்ணாம்பும் உப்பும் அப்படியே காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போகும். மேசைமேல் படியும் வெள்ளைத் தூள் அதற்கு அடையாளம். காய்ச்சி ஆறவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. எனவே உப்பு குறைந்த குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்ற வேண்டும். தினமும் மீதியைக் கொட்டித் துடைத்து உலர்த்துவதும், மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். கருவியின் தொட்டிக்குள் தைலம் விடவே கூடாது. அதற்கென்று தனித் தட்டு இருந்தால் மட்டும் அதில் விடலாம்.

கைக்குழந்தைக்கு மூக்கடைத்துப் பால் குடிக்க முடியவில்லை. ஆவி காட்டலாமா?

கூடாது. தாயோ பாட்டியோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் ஆவி காட்டுவது, அன்பினால் செய்யப்படுவதாக இருந்தாலும், குழந்தை ஒரு முறை காலை உதைத்தாலே வெந்நீர் கவிழ்ந்துவிடும் ஆபத்து உள்ளது. தூளியின் கீழே வெந்நீர்ப் பாத்திரம் வைப்பதும் அப்படியே. இரண்டு வயதுக்குள் மென்தால், கற்பூரம் கலந்த களிம்பை மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது. மென்தால் நெடி சிறு குழந்தையின் மூச்சையே ஒரு கணம் நிறுத்திவிடக்கூடும்.

செய்யக்கூடியது எளிமையானது. மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 விழுக்காடு உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு விட்டு, இளகிய சளியை மெல்லிய துணியாலோ உறிஞ்சு குமிழாலோ எடுத்துவிடலாம். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள்.

நம் பகுதியில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தங்கி, கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். குளிப்பாட்டும் பெரியவர் மனம் நோகுமே என்று தயங்காமல், மரியாதையோடு ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் அந்த மூச்சுக்குழாயை உறுத்தவே செய்யும். ஒரு வயது நிறையும்வரை தேனும் கூடாது.

பள்ளி செல்லும் பிள்ளைக்கு?

கொதிநீர்ப் பாத்திரம் வேண்டாம். கதவை மூடிய குளியலறையில் வெந்நீரை வாளியில் பிடித்துவிட்டு, குழந்தை வாளியைத் தொடாதபடி நீங்கள் உடன் இருந்து சில நிமிடங்கள் உட்கார வைத்தால் வெதுவெதுப்பான ஈரக் காற்று கிடைக்கும். பருக வெதுவெதுப்பான நீர், ரசம், கஞ்சி ஆகியவையும் அதே இதத்தைத் தரும்.

வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எதைக் கவனிக்க வேண்டும்?

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கலாம். வெந்நீர் கொட்டியது தெரியாமலே புண்ணாகி, ஆறாமல் போகலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் வெப்பத்தில் இருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். ஆகவே உடன் ஒருவர் இருந்து, முடிந்ததும் வெந்நீரை அவரே அப்புறப்படுத்த வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர் ஆவி பிடிக்கலாமா? நெபுலைசரும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. நெபுலைசர் என்பது மருத்துவர் குறித்துத் தந்த மருந்தை நுண்துளியாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது. ஆவிக் கருவி வெறும் ஈரக் காற்றைத் தருவது. மூச்சிரைப்பு வந்தவருக்கு ஆவி காட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. சூடான ஆவியும் தைல நெடியும் சிலருக்கு மூச்சிரைப்பைக் கூட்டிவிடும். இன்ஹேலர்தான் முதலில்.

ஒரே கருவியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாமா?

முகமூடிப் பகுதியை ஒவ்வொருவருக்கும் இடையில் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்தினால் பயன்படுத்தலாம். அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்காமல் இருப்பது நல்லது.

அறுவடைக் காலத்தில் மட்டும் மூக்கு அடைக்கிறது. ஆவி பிடித்தும் பயனில்லையே?

சம்பா, தாளடி அறுவடையில் கதிர் அறுக்கும் இயந்திரம் கிளப்பும் தூசியும், வைக்கோல் தூளும், அதில் உள்ள பூஞ்சண விதைகளும் ஒவ்வாமையைத் தூண்டும். தும்மலும் கண் அரிப்பும் சேர்ந்து வந்து, காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அது சளியாக இருக்க வாய்ப்பு குறைவு. களத்தில் மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடுவது, வீடு திரும்பியதும் குளிப்பது, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது ஆகியவையே பயன் தரும். மூக்கைக் கழுவும் நீர் கட்டாயம் ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குளத்து நீரையும் வாய்க்கால் நீரையும் அப்படியே மூக்கில் ஏற்றினால், அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூளையைத் தாக்கி உயிரைக் குடிக்கும்.

மருந்துக் கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை எத்தனை நாள் விடலாம்?

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்துகள் வீக்கத்தை உண்மையாகவே குறைப்பவை. ஆனால் 3 முதல் 5 நாட்களுக்கு மேல் விட்டால், மருந்தை நிறுத்தியதும் அடைப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் விடக் கூடாது.

வெந்நீர் கொட்டிவிட்டால் உடனே என்ன செய்வது?

ஓடும் குளிர்ந்த குழாய்நீரை அல்லது கைப்பம்பு நீரைக் காயத்தின்மேல் 20 நிமிடம் விட வேண்டும். நனைந்த உடையையும், குழந்தையாக இருந்தால் காப்பு, கொலுசு, அரைஞாண் கயிற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்கக் கூடாது. பனிக்கட்டி, பற்பசை, மை, மஞ்சள், தோசை மாவு, நெய் எதுவும் வேண்டாம்; இவை சூட்டை உள்ளேயே நிறுத்தும் அல்லது புண்ணில் தொற்றைச் சேர்க்கும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் தடையாகும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முகம், கை, பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும், பட்டவர் குழந்தையாக இருந்தாலும், காயம் சிறியது என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

எந்த அறிகுறியைக் கண்டால் ஆவியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, பால் குடிக்க மறுப்பது, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே அன்றே காட்டிவிட வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் இரத்தம், மூன்று நாளைத் தாண்டிய கடுங்காய்ச்சல், ஒரு பக்க முகத்தில் வலியோடு வீக்கம் ஆகியவை அவ்வாறே. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவிலும் அவசரச் சிகிச்சை உண்டு. போகும்போது குழந்தைக்குக் கொடுத்த மருந்துகளையும், தடவிய தைலத்தின் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.